ஷவ்கியின் நெஞ்சிலிருந்து வந்த புறாக்கள்

"உன் வாயிலேருந்து வந்தா என்ன, வானத்துலேருந்து வந்தா என்ன? என் கூண்டுல வந்து உட்கார்ந்துச்சு. அப்ப அது எனக்குத்தான்" என்று எதிர்மாடியிலிருந்து மெத்வல்லி கத்திக்கொண்டிருந்தான். "அது என் நுரையீரல்டா, திருட்டு நாயே" என்று கத்தப்போன ஷவ்கிக்குப் பாதியிலேயே மூச்சு நின்றது. மீதியை அவன் மனைவி இன்ஷிராஹ் சொல்லி முடித்தாள், தன் பங்குக்குக் கொஞ்சம் வசவும் சேர்த்து.

அந்தப் புறா அன்று காலை இருமும்போது ஷவ்கியின் வாயிலிருந்து வந்தது. வெள்ளைப் புறா, சிறகில் ரத்தம். ஒரு சுற்று பறந்துவிட்டு மெத்வல்லியின் மரக்கூண்டில் போய் இறங்கியது. இம்பாபா பேட்டையில் புறா வளர்க்கும் மாடிகளின் சட்டப்படி, அடுத்தவன் கூண்டில் இறங்கிய புறா அடுத்தவனுக்கே சொந்தம்; வேண்டுமானால் அடித்து வாங்கலாம். ஷவ்கி மாடிக்கு மாடி பலகை போட்டு, நடுவிலிருந்த சந்தின் மேலாகத் தாண்டிப்போய் இரும்புக் கம்பியால் மெத்வல்லியின் முன்பற்களை உதிர்த்தான். மெத்வல்லி அவன் தொடையில் கத்தியைச் செருகினான். புறா மெத்வல்லியிடமே நின்றது. தெருவில் யாரும் குறை சொல்லவில்லை.

அதன்பின் வாரம் தவறாமல் ஒன்று அவன் வாயிலிருந்து வந்து எதிர்மாடிக்கே போனது. வரவர ஷவ்கிக்கு மூச்சு குறைந்தது. முதலில் படியேறும்போது மூன்றாம் மாடியில் மூச்சுவாங்க நின்றவன், பிறகு முதல் மாடியிலேயே சுவரைப் பிடித்தான். நெஞ்சில் பலமில்லை, புறா சூப் கொடு என்றது தெரு. இன்ஷிராஹும் குளிர்காலம் முழுக்க வளர்ப்புப் புறாக்களின் கழுத்தைத் திருகித் திருகி, வயிற்றில் பச்சைக் கோதுமை அடைத்துச் சமைத்துப்போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு நேரே தன் மொட்டைமாடிப் புறாக்கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காய்ந்த எச்சத்தைச் சுரண்டுவான். சாயங்காலம் காய்ச்சல் வரும், வாரம் முடிந்தால் இன்னொரு புறாவும் வரும்.

தங்கை கல்யாணத்துக்காகத் தாந்தா ஊரில் தங்கியிருந்தபோது மட்டும் அவன் படியில் பாடிக்கொண்டே ஏறினான். எந்தப் புறாவும் வரவில்லை. அதைக் கவனித்தவள் இன்ஷிராஹ் ஒருத்திதான். அவள் கூட்டிப்போன டாக்டரும் அதையே சொன்னார்: "எச்சத்தூசி, இறகுத்தூசி ரெண்டுமே இவர் நெஞ்சுக்கு ஆகாதும்மா. புறாவா, புருஷனா, நீங்களே முடிவு பண்ணுங்க." டாக்டர் மெத்வல்லிக்குச் சொந்தக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்றான் ஷவ்கி.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் கோடரியோடு மாடியேறினாள். பாதிக் கூண்டு சரிந்தபோது, தொழுகைக்குப் போகமுடியாமல் வீட்டில் கிடந்த ஷவ்கி தவழ்ந்து மேலே வந்து, கிடைத்த கட்டையால் அவள் வலது கையை முறித்தான். அவள் கோடரியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என் மூச்சை வெட்டுறியேடி."

"உன் மூச்சு எதிர்மாடியில தானியம் கொத்திட்டிருக்கு. மிச்சத்தையாவது வெச்சுக்க."

தன் கூண்டை முடித்தபின் பலகை போட்டுப் போய் மெத்வல்லியின் கூண்டையும் பிளந்தாள். தொழுகை முடிந்து வந்த மெத்வல்லி அவள் முகத்தில் செருப்பாலடித்தான். அவள் கோடரியின் காம்பால் அவன் விலாவை உடைத்தாள். ஷவ்கியின் நெஞ்சிலிருந்து வந்த புறாக்களெல்லாம் கூட்டமாக எழுந்து ஆற்றுப் பக்கம் பறந்தன. ஒன்றுகூட அவனுக்குள் திரும்பவில்லை. புதிதாக எதுவும் வெளியே வரவும் இல்லை.

அடுத்து வந்த ரமலான் முடிந்ததும் ஷவ்கியும் இன்ஷிராஹும் சூயஸில் தரைத்தள வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அவள் கை கோணலாகத்தான் ஒட்டியது. அங்குள்ள டாக்டர் ஷவ்கியின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். உள்ளே ஒரு புறா மிச்சமிருக்கிறது, கிழடு, இனி வெளியே வராது, தீனி எதுவும் வேண்டாம் என்றார். சரி என்று சொல்லி, இன்ஷிராஹ் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.