அடியில் ஒரு சுரம்

லெனின்கிராடில் ஒரு சிம்பனி முதலில் பியானோவில்தான் பிழைத்தாக வேண்டும். இசையமைப்பாளர் சங்கத்தின் கூடத்தில் இருவர் அருகருகே உட்கார்ந்து நான்கு கைகளால் வாசித்துக் காட்ட, சங்கம் தலையாட்டினால் பிறகு ஆர்கெஸ்ட்ரா. கட்டைகளில் மேல் பாதி சிம்பனியை எழுதிய அர்கதிக்கு, கீழ் பாதி அவன் மனைவி ஜினயீதாவுக்கு.

அவன் இசை இருண்டு கிடக்கிறது என்று போன வருஷம் பத்திரிகை அவனைக் கிழித்திருந்தது. இன்னொரு குற்றம் கண்டால் சங்கத்தில் பெயர் இருக்காது. அப்படிப் பெயர் போன, அவர்கள் கட்டடத்து மூன்றாம் மாடி வயலின்காரர் பதினைந்தாம் நாள் ஆளே காணாமல் போனார். அவர் கதவருகே இப்போது வேறு யாருடைய ரப்பர் காலணியோ கிடக்கிறது.

மெதுவான பகுதியின் முடிவில் வயலின்கள் மேலே ஒளிர்ந்துகொண்டிருக்க, அடியில் கனத்த குரல் டபுள் பாஸ் வாத்தியங்கள் அதோடு ஒட்டாத ஒரு இருண்ட சுரத்தைப் பதினாலு தாளக்கட்டம் பிடித்து நிற்கும். பதினோரு வருஷத்துக்கு முன் போலீஸ் கூட்டிப்போய்த் திரும்பாத தன் தம்பி மீத்யாவுக்காக அவன் எழுதியது. அவனுக்குக் கல்லறை கிடையாது. இந்தச் சுரம்தான்.

அந்த இடம் வந்தபோது ஜினயீதாவின் இடது கை மடியிலேயே இருந்துவிட்டது.

செயலாளர் பக்ரோவ் மூடியிருந்த கண்ணைத் திறந்தார். "பாத்தீங்களா தோழர்களே, திட்டினா திருந்துறாங்க! கடைசில என்னமா வெயில் அடிக்குது! நான் மழைக்கோட்டோட வந்தது வீணாப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கப்படி அர்கதி எழுந்து நின்று நன்றி சொன்னான்.

டிராமில் அவன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான். "மீத்யாவ எங்க விட்ட?"

"அவன வாசிச்சிருந்தா இந்த டிராம்ல நான் மட்டும்தான் போயிருப்பேன், அர்காஷா."

"ஆர்கெஸ்ட்ரா வாசிக்குமே. அப்ப என்ன பண்ணுவ?"

ஆர்கெஸ்ட்ராவின் வாத்தியத் தாள்களைப் படியெடுப்பது அவள் வேலை. எல்லா வாத்தியமும் சேர்ந்த முழுப்பிரதியை அர்கதி முன்பே ஆர்கெஸ்ட்ரா நடத்துநரிடம் கொடுத்திருந்தான். அதை அவளால் தொட முடியாது. டபுள் பாஸ் தாள்களில் அந்தப் பதினாலு கட்டத்திலும் சுரத்துக்குப் பதில், வாசிக்காதே என்று சொல்லும் ஓய்வுக்குறி போட்டாள்.

ஒத்திகையில் நடத்துநர் நெஸ்தர் பாவ்லவிச் கோலைத் தட்டி நிறுத்தினார். "டபுள் பாஸ்! செத்துட்டீங்களா?"

"எங்க தாள்ல ஓய்வுன்னு போட்டிருக்கு, நெஸ்தர் பாவ்லவிச்," என்றார் அவர்களில் ஒரு பெரியவர். "சம்பளத்தோட ஓய்வு. விடுவோமா?"

"என் பிரதில சுரம் இருக்கே!" நடத்துநர் திரும்பினார். "அர்கதி இல்யிச், எது சரி? இதுவா, அதுவா?"

மூன்றாவது வரிசையில் பக்ரோவ் முன்னால் சாய்ந்தார். "என்ன சுரம்? அன்னிக்கு நாங்க கேட்டதுதானே இது?"

அர்கதிக்குப் பக்கத்தில் இருந்த ஜினயீதா எழப் பார்த்தாள். 'நான்தான் விட்டேன்' என்று சொன்னால் சங்கத்தை ஏமாற்றியதாகும். அதுவும் அவன் தலையில்தான் விழும். அர்கதி எழுந்தான். முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டான். அவள் பக்கம் திரும்பவில்லை.

"தாள்ல இருக்கிறதுதான் சரி. பிரதில நான் தப்பா எழுதிட்டேன். அடிச்சிடுங்க."

நடத்துநர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "பதினாலு கட்டம் வருதேப்பா."

"பதினாலையும்."

பென்சில் தாளில் கீறும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பதினாலாவது அடிபடும்வரை அவன் உட்காரவில்லை.