பதினோரு நிமிடச் செங்கோட்டுவேல்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் செங்கோட்டுவேல். இரண்டாவதாகச் செய்தவர் என் மாப்பிள்ளை. மூன்றாவது ஆள் சங்ககிரி ரோட்டில் லாரிகளுக்கு எடை போடும் மேடை வைத்திருக்கும் அர்த்தநாரி. இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

என் கம்ப்யூட்டர் லோடு ஆகிற பதினோரு நிமிடமும் செங்கோட்டுவேல் திரைக்குள் வந்து உட்கார்ந்து என்னோடு பேசுவான். அங்கே ஒரு பெஞ்சு உண்டு. சதவீதக் கணக்கு கீழே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே அவன் கால்மேல் கால் போடாமல், மரியாதையாக உட்கார்ந்திருப்பான். நிஜத்தில் அவன் எனக்கு அடுத்த வீதியில்தான் குடியிருக்கிறான். வீதியில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. தொண்ணூற்று நான்காம் வருடத்திலிருந்து பேச்சு இல்லை. ஆனால் லோடிங் என்பது யாருடைய வீடும் இல்லை, யாருடைய வீதியும் இல்லை. அங்கே பேசினால் இருவருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது.

தொண்ணூற்று நான்கில் நாங்கள் இருவரும் ஒரே லாரிக்கு டிரைவர்கள். ஈரோட்டில் ஒன்பது டன் மஞ்சள் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனோம். தொப்பூர்க் கணவாயில் பட்டப்பகலில் வண்டி ஒரு மதிலில் மோதி நின்றது. ஓட்டியவன் செங்கோட்டுவேல். நான் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். மோதிய சத்தத்தில் எழுந்து பார்த்தால் அவன் கீழே இறங்கி நின்று தலையில் கை வைத்திருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டீசல் வீணாகிறதே என்று நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினை அணைத்தேன். அப்போதுதான் ஜனங்கள் ஓடி வந்தார்கள். சீட்டில் இருந்தவன் நான். மறுநாள் முதலாளி கேட்டபோது செங்கோட்டுவேல் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன்தானுங்க ஓட்டுனாரு" என்றான்.

அதோடு சரி. சங்ககிரியில் எந்த முதலாளியும் எனக்கு வண்டி தரவில்லை. இருபத்தாறு வருடம் டயர் பட்டறையில் காவல் இருந்தேன். முதலாளி பணத்தில் இரண்டு நிமிட டீசலை மிச்சம் பிடித்ததற்கு எனக்குக் கிடைத்த பலன் அது.

எனக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை. மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? 'அன்னைக்கு வண்டி ஓட்டுனது நான்தான்' என்று அவன் தன் வாயால் என் முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து வைத்தவர் மாப்பிள்ளை. ஈரோட்டில் கட்டட வரைபடம் போடும் ஆபீஸ் ஒன்றை மூடினார்கள். அங்கே ஏலத்தில் எடுத்தது. வொர்க்ஸ்டேஷன் என்று பெயர். கறுப்பு நிறத்தில், நெல் அளக்கும் மரக்கால் பத்தை அடுக்கியதுபோல இருக்கும். என் மகள் அதை டிவி மேசையில் வைத்தாள். மாப்பிள்ளை அதில் ஒரு லாரி ஓட்டும் கேமை ஏற்றி, கையில் பிடிக்க ஒரு ஸ்டீயரிங்கும் வாங்கித் தந்தார். கேமில் நான் லோடு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். யாரும் என்னிடம் தொப்பூரைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். நல்ல மனுஷர் என்றுதான் அவரைப் பற்றி அப்போது நினைத்தேன்.

மிஷின் பழையது. கேம் திறக்கப் பதினோரு நிமிடம் ஆகும். இரண்டாம் நாளே செங்கோட்டுவேல் வந்துவிட்டான்.

பேச்சு என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வந்தவுடன் விஷயத்துக்குப் போக முடியாது. "ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா?" என்று அவன் கேட்பான். ஆச்சு என்பேன். நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்க வேண்டும். பிறகு மழை. பிறகு என் மகள். பிறகு அவன் மகன். பிறகு அவன் எருமை, என் முட்டிவலி. எருமைக்கும் முட்டிவலிக்கும் வைத்தியம் சொல்லிக்கொள்ள வேண்டும். இதிலேயே ஏழு நிமிடம் போய்விடும். மீதி நான்கு நிமிடத்தில்தான் விஷயம். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடங்குவான். ஒரு வாரம் மஞ்சள் மூட்டை ஏற்றியதையே சொன்னான். அடுத்த வாரம் பவானி தாண்டினான். மேட்டூர்ப் பிரிவில் டீ குடித்ததைப் பதினைந்து நாள் சொன்னான். நான் அவசரப்படுத்தவில்லை. முப்பது வருடம் காத்திருந்தவனுக்கு மேட்டூர்ப் பிரிவு பெரிய தூரம் இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவன் தொப்பூர்க் கணவாய்க்குள் நுழைந்தான். தொண்டையைச் செருமினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தான். "அன்னைக்கு அந்த வளைவுல ஸ்டீயரிங்கப் புடிச்சிருந்தது..." என்றான். நூறு சதவீதம் ஆகிவிட்டது. கேம் திறந்துகொண்டது.

புதன்கிழமை காலையில் நான் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். முக்கியமான நாள் ஆயிற்றே என்று ஷேவிங்கும் செய்துகொண்டேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகடு திறந்து கிடக்கிறது. மாப்பிள்ளை அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு எதிரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பரிமளா என்கிற பிள்ளை திருகாணியைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

"மாமா, உங்களுக்குச் சொல்லாமச் செய்யோணும்னுதான் நீங்க வெளிய போற வரைக்கும் காத்திருந்தேன்" என்றார் மாப்பிள்ளை. "பழைய ஹார்டு டிஸ்க்கத் தூக்கிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாச்சுங்க. இனி நீங்க காத்திருக்க வேண்டியதே இல்ல. பதினோரு நிமிசம் நாலு செகண்டு ஆயிருச்சு."

பெற்ற பிள்ளையாக இருந்தால் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியாது. "ரொம்பச் சந்தோசமுங்க மாப்ள" என்றேன். மகள் காப்பி கொண்டு வந்தாள். அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

எல்லோரும் போன பிறகு ஸ்டார்ட் செய்தேன். பெஞ்சு வந்தது. செங்கோட்டுவேல் வந்தான். உட்காரக்கூட நேரமில்லை, குனிந்த வாக்கில், "ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா?" என்றான். "ஆச்சு" என்றேன். கேம் திறந்துகொண்டது.

அன்றைக்கு முப்பத்திரண்டு தடவை அணைத்து ஸ்டார்ட் செய்தேன். முப்பத்திரண்டு தடவையும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டான். முப்பத்திரண்டு தடவையும் ஆச்சு என்றேன். முப்பத்து மூன்றாவது தடவை, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அது கெடக்குது, விசயத்தச் சொல்லு" என்று அதட்டிவிட்டேன். அது என் தப்பு. அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்த ஆறு தடவை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஏழாவது தடவை நான், "எருமை எப்படி இருக்குது?" என்று கேட்டேன். திரும்பினான். அதற்குள் நான்கு விநாடி முடிந்தது.

வியாழக்கிழமை பரிமளா கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அது ஒரு லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டது.

"ஆளு புதுசுக்கு வந்துருவாருங்கய்யா. அதுக்குத்தான் காப்பி எடுத்துப் போடுறது" என்றது. "ஆனா காத்திருக்குற நேரம் பழசுலயேதான் தங்கும். அத எடுத்து மாத்துறதுக்கு வழி கெடையாதுங்க."

பழசைத் திருப்பிக் கொடு என்றேன். பழைய டிஸ்க்கை நேற்று மத்தியானமே சங்ககிரி ரோட்டு எடை மேடைக்கு மாட்டியாயிற்று என்றது. அவர்களுக்கு வேகம் தேவைப்படாதாம். லாரி மேடையில் ஏறி நிற்கிற வரைக்கும் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டுமாம்.

என் பதினோரு நிமிடத்தை என்னைக் கேட்காமல் இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு காரணமும் சொல்கிறது. வெளியே வந்து பஸ் ஏறினேன்.

எடை மேடையில் அர்த்தநாரி சிறிய அறையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. நான் பெயரைச் சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார்.

"நீங்கதானா அது? செங்கோட்டண்ணன் உங்களப் பத்தித்தானுங்க நேத்துச் சாயங்காலம் பூராச் சொன்னாரு."

என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டாருங்க. வண்டி ஓட்டுனது அவருதானாம். உங்க பேரச் சொல்லீட்டாராம். அழுதாருங்க. நானும் பெரிய மனசு பண்ணி, செரி போச்சாது, மன்னிச்சாச்சு போங்கன்னு சொல்லியனுப்பிச்சேன்."

முப்பது வருடமாக எனக்குச் சேர வேண்டிய சொல்லை, வேறு யாருக்கோ வந்த கல்யாணப் பத்திரிகையைப் பிரித்துப் படித்ததுபோல, இந்த ஆள் கேட்டிருக்கிறார். கேட்டதோடு விட்டாரா? மன்னித்தும் விட்டார். மன்னிக்க இவர் யார்? தொப்பூரில் இவரா தூங்கிக்கொண்டிருந்தார்? டீசலை இவரா மிச்சம் பிடித்தார்?

"அதான் நான் சொல்லிட்டேனுங்களே, அவருதான் ஓட்டுனதுன்னு. உங்களுக்கு அது போதாதுங்களா?" என்றார்.

"நீங்க சொன்னா அது சேதிங்க" என்றேன். "அவன் சொல்லோணும்."

டிஸ்க்கைக் கேட்டேன். அதில் எடைச் சீட்டெல்லாம் இருக்கிறது, தர முடியாது என்றார். சரி, அதே பெட்டி முன்னால் நான் உட்கார்ந்து காத்திருக்கிறேன், அவன் வரட்டும் என்றேன். அதற்கும் வழியில்லை. மன்னிப்பு வாங்கியவன் அங்கே திரும்ப வருவதில்லை. இன்று காலையில் பெஞ்சு மட்டும்தான் வந்ததாம்.

பிறகு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, மன்னித்தாயிற்றே, உங்களுக்குப் பாரம் குறைந்திருக்க வேண்டுமே, வாருங்கள் பார்த்துவிடலாம் என்றார். மேடையில் ஏறி நின்றேன். சீட்டு அடித்துக் கொடுத்தார். ஒன்பது டன் அறுபத்திரண்டு கிலோ. அறுபத்திரண்டு கிலோ நான். ஒன்பது டன் அன்றைக்கு ஏற்றிய மஞ்சள்.

"கொஞ்சங்கூடக் கொறையலீங்களே" என்றார் அர்த்தநாரி. அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்தை நான் என்ன செய்வது?

திரும்பும்போது பஸ் பின்பக்கம் தாழ்ந்தது. கண்டக்டர் என்னை எழுப்பி, பின் சக்கரத்துக்கு நேராக உட்கார வைத்தார். ஓரத்தில் உட்கார்ந்தால் வளைவில் வண்டி சாயும் என்றார். லாரிக்காரன் எனக்கு அது தெரியாதா? மாறி உட்கார்ந்தேன்.

வீதி முனையில் இறங்கியபோது செங்கோட்டுவேல் எதிரே பால் கேனோடு வந்துகொண்டிருந்தான். வழக்கம்போல அவன் இடப்பக்கம் பார்த்தான், நான் வலப்பக்கம் பார்த்தேன். ஆனால் கடைக்கண்ணில் அவன் கால்களைப் பார்த்தேன். செருப்பு தரையில் படவில்லை. ஒரு விரற்கடை உயரத்தில் நடந்து போனான். அர்த்தநாரி செய்த வேலை. நான் ஒன்பது டன்னோடு வீட்டுப்படி ஏறினேன்.

அன்று சாயங்காலம் ஸ்டார்ட் செய்தேன்.

"ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

முப்பது வருடத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது. ஆனால் வேறு வழியில்லை. ஆச்சு என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். இல்லை என்று சொன்ன ஆளை யாரும் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அடுத்த தடவை திறந்தபோது பெஞ்சுக்கு முன்னால் தலைவாழை இலை விரித்திருந்தது. அதற்கடுத்த தடவை தண்ணீர் தெளித்தான். பிறகு ஒரு தடவைக்கு ஒன்றாக உப்பு வைத்தான், அவரைக்காய்ப் பொரியல் வைத்தான், சோறு போட்டான், பருப்பு ஊற்றினான். ஒவ்வொன்றுக்கும் நான்கு விநாடி சரியாக இருந்தது. கடைசியாக நெய் விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"இப்பச் சொல்லு" என்றேன்.

மறுபடி ஸ்டார்ட் செய்ததும் பதில் வந்தது.

"பசியோட இருக்கற ஆளுகிட்ட அதப் பேசறது மொறையில்லீங்ணா. மொதல்ல கைய நனைங்க."

அங்கேதான் நின்றுவிட்டது. லோடிங் யாருடைய வீடும் இல்லை என்று சொன்னேன். இலை போட்டுவிட்டால் அது அப்படி இல்லை. இலை போட்டவன் வீடுதான் அது. அவன் வீட்டில் நான் கை நனைத்தால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அவன் எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் சொல்லாமல் நான் சாப்பிட மாட்டேன். நான் சாப்பிடாமல் அவன் சொல்ல மாட்டான். அவன் பக்கமும் முறை இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தார். மிஷினுக்குப் பின்னால் காற்று வரும் ஓட்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சூடு அதிகமாக இருக்கிறது, நெய் வாசம் வேறு வருகிறது என்றார். பிறகு, இதைவிட வேகமான டிஸ்க் ஒன்று வந்திருக்கிறது, பொங்கலுக்குப் போட்டுவிடலாம், ஒரே விநாடிதான் என்றார்.

"ரொம்பச் சந்தோசமுங்க மாப்ள" என்றேன்.

இன்று பதினெட்டாவது நாள். தினமும் திறக்கிறேன். செங்கோட்டுவேல் கையில் கரண்டியோடு நிற்கிறான். பருப்பில் ஏடு படிந்துவிட்டது. இலையின் ஓரம் பழுக்கத் தொடங்கியிருக்கிறது. பொங்கலுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அந்த ஒரு சொல் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று அவன் எனக்கு விசிற ஆரம்பித்தான்.