எந்த நெஞ்சு

எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு நெஞ்சு என்றுதான் பெயர். ஆணுக்கும் அதே சொல், பெண்ணுக்கும் அதே சொல். வேறு சொற்கள் இருப்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அவை செய்யுளிலும் பாடப் புத்தகத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன்.

ஆகவே சர்ஜன் என்ன தொந்தரவு என்று கேட்டபோது, "நெஞ்சுல ஒரு கட்டி" என்றேன்.

அவர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். இடது பக்கம், காம்பிலிருந்து கொஞ்சம் நடுவே தள்ளி, புளியங்கொட்டை அளவில் இருந்தது. "கொழுப்புக் கட்டியா இருக்கும் பெரியவரே. மரத்துப் போக ஊசி போட்டு எடுத்துடலாம். சும்மா பரிசோதனைக்கும் அனுப்பிடுவோம்" என்றார். எடுத்த துண்டைப் போட்ட டப்பாவின் மேல் சீட்டு ஒட்ட வேண்டும். அவருடைய உதவியாளர் பேனாவை எடுத்து, "மார்பகம்னு போடட்டுமா சார்?" என்று கேட்டார்.

"நான் ஆம்பளை. நெஞ்சுன்னு போடுங்க" என்றேன்.

"கோவப்படாதீங்க. ஒரு எழுத்துலயா கௌரவம் போயிடும்?"

"ஒரு எழுத்து இல்ல, நெஞ்சுக்கு மூணு எழுத்து. போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே நெஞ்சுச் சுவர் என்று எழுதினார். சர்ஜன் அதற்குள் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் நெஞ்சுச் சுவரில் தானாக உண்டாகிற வகை இல்லை, உடம்பில் வேறெங்கோ தொடங்கி இங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம், மூலத்தைத் தேடவும் என்று எழுதியிருந்தது. தேடினார்கள். நுரையீரலைப் படம் எடுத்தார்கள். வாய் வழியாக ஒரு குழாய் விட்டார்கள். மறுவாரம் கீழ் வழியாக இன்னொன்று விட்டார்கள். நீர் வழங்கல் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ தெருக்களில் கசிவைத் தேடிக் குழி தோண்டச் சொன்னவன். இப்போது என்னையே தோண்டினார்கள். எங்கும் எதுவும் அகப்படவில்லை.

அந்த வாரங்களில் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதுதான் பெரிய வேலை. "வீட்டுல யாராவது போட்டு விடுவாங்க" என்று சொல்லி நர்ஸ் பஞ்சும் பிளாஸ்திரியும் கொடுத்தனுப்பினாள். என் மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பிளாஸ்திரியின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுமுனையை ஒட்டப் பழகினேன். கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். கை தப்பான பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டு, "என்னப்பா, உடம்பு எப்படி இருக்கு?" என்றால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பேன். அவன் நிம்மதியாகத் தன் அலுவலகக் கதையைத் தொடங்குவான்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண்குரல் என்னை அழைத்தது. சர்ஜன் என் ஸ்லைடுகளை இரண்டாம் கருத்துக்காக அங்கே அனுப்பியிருந்தாராம். "ஐயா, நேர்ல வர முடியுமா? உங்களைப் பாக்கணும்" என்றது குரல்.

அந்த டாக்டரை அங்கே எல்லோரும் கண்ணாடி டாக்டர் என்கிறார்கள். மூக்குக் கண்ணாடியால் வந்த பெயர் அன்று. நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வந்தது. ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அறை கட்டடத்தின் பின்பக்கம், மருந்து நெடி அடிக்கிற நடைவழியின் கோடியில் இருந்தது. நோயாளி உட்கார அங்கே நாற்காலியே இல்லை. ஒரு ஸ்டூலின் மேலிருந்த அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்துத்தான் எனக்கு இடம் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கோங்க. இங்க பேஷன்ட் யாரும் வர்றதில்ல. எனக்குத் துண்டுதான் வரும், ஆள் வரமாட்டாங்க" என்றார். பிறகு, "சட்டையைக் கழட்ட முடியுமா?" என்று கேட்டார்.

பெண் டாக்டர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எதுக்கு?"

"கட்டி எங்க இருந்துச்சுன்னு என் கண்ணால பாக்கணும். சீட்டை நம்பி ஏமாந்துட்டோமோன்னு தோணுது."

கழற்றினேன். தழும்பைப் பார்த்துத் தலையாட்டினார். "இது நெஞ்சுச் சுவர் இல்ல ஐயா. மார்பகம்."

"எனக்கேது அது?"

"எல்லா ஆம்பளைக்கும் உண்டு. கொஞ்சூண்டு. வாங்க, காட்டறேன்."

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கிற நுண்ணோக்கி அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். வெளிர்நீலத்தில் தேங்கிக் கிடக்கும் பரப்பு. அதில் ஊதாநிறத் திட்டுகள் மிதந்தன. நிரம்பிய ஏரியை மேலிருந்து பார்த்தால் மேடுகள் அப்படித்தான் தெரியும். நான் எத்தனையோ வரைபடங்களில் பார்த்திருக்கிறேன்.

"நீலமா இருக்கறது சளி மாதிரி ஒரு பொருள். அதுல மிதக்கறதுதான் புற்று செல். இந்த மாதிரி குடல்லயும் வரும், நுரையீரல்லயும் வரும், வேர்வைச் சுரப்பியிலயும் வரும். நெஞ்சுன்னு சீட்டுல இருந்ததால அங்கெல்லாம் தேடியிருக்காங்க. இப்ப ஓரத்துக்குப் போறேன், விடாம பாருங்க." படம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மூலையில் சின்ன வளையம் ஒன்று. "இது பால் குழாய். இதுக்குள்ளயே அதே செல் நிறைஞ்சிருக்கு, இன்னும் சுவரை உடைக்கல. அப்படின்னா எங்கிருந்தும் வந்து குடியேறினது இல்ல, இங்கயே பொறந்தது. ஹார்மோன் சாயம் போட்டும் பாத்துட்டேன். சந்தேகமே இல்ல."

"பால் குழாயா?" என்றேன். எழுபது வயதில் ஒருவன் கேட்க வேண்டிய செய்தியா இது?

"ஆம்பளைங்களுக்கு இந்த நோய் வர்றதே குறைவு. அதுல இந்த வகை இன்னும் அபூர்வம். பல ஆஸ்பத்திரியிலிருந்து இந்த மாதிரி கேஸ்களைச் சேத்து ஒரு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன். அலமாரியில ஒரு தட்டுகூட நிறையல."

"எங்க குடும்பத்துல எதுவும் சாதாரணமா வராது" என்றேன்.

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "நல்ல சேதியும் இருக்கு. இது மெதுவா நகர்ற ஜாதி. ஆபரேஷன் பண்ணி, மாத்திரை சாப்பிட்டா நல்லா இருப்பீங்க. இப்ப உங்க குடும்பத்தைச் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் தயார். ஏழு தலைமுறை எனக்கு மனப்பாடம். எந்தக் கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் வாய்க்கால் வெட்டினார் என்பதிலிருந்து தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். "வாய்க்கால் வேண்டாம் ஐயா. ஆளு போதும்." வெள்ளைத்தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று பென்சிலால் போட்டுக்கொண்டே போனார். இறந்தவர்கள் மேல் ஒரு குறுக்குக்கோடு. இந்த நோய் வந்தவர் என்றால் உள்ளே கறுப்பு. என் சதுரத்தைக் கறுப்பாக்கினார். மற்ற எல்லாம் வெறுமையாக இருந்தன. அப்பா எனக்குக் கொடுத்துவிட்டுப் போன குடும்பம், கட்டம் போட்டு ஒரு தாளில் அடங்கிவிட்டது.

"இந்த வட்டம்?"

"அக்கா. முப்பத்தெட்டு வயசுல தவறிட்டாங்க."

"எதனால?"

"நெஞ்சு வலி."

"ஹார்ட்டா?"

பென்சில் தாளுக்கு மேலே நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஐயா, உங்க வீட்டு நெஞ்சு எந்த நெஞ்சு?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்க இடம் வைத்ததில்லை என்பதுதான் சரி. அக்கா கணவன் வீட்டிலிருந்து எங்களிடம் வந்து, பின்கட்டு அறையில் படுத்து, அங்கேயே போனாள். அம்மாவைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை. அவள் போன அன்று அப்பா எங்களை நிறுத்தி வைத்து, "யார் கேட்டாலும் நெஞ்சு வலி" என்றார். என் இரண்டு தங்கைகளுக்கும் அப்போது திருமணம் ஆகவில்லை. அக்காவின் மகளுக்குப் பதினாறு வயது. அந்த வீட்டுப் பெண்களுக்கு அங்கே வியாதி என்று ஒரு வாய் கிளம்பியிருந்தால் மூவரும் வீட்டோடு இருந்திருப்பார்கள். அப்பா செய்தது அன்றைக்குச் சரி. இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல என் நாக்கு எழாது.

"அந்த நெஞ்சு இல்ல" என்றேன்.

அவர் வட்டத்தைக் கறுப்பாக்கினார். நிதானமாக, கோட்டுக்கு வெளியே போகாமல்.

"உங்களுக்கும் வந்து, அக்காவுக்கும் சின்ன வயசுல வந்திருக்குன்னா, இது ரத்தத்துலயே இறங்கி வர்றதா இருக்கலாம். உங்க ரத்தத்தையும் எடுத்துப் பாக்கப் போறேன். அக்காவுக்குப் பசங்க?"

"ஒரு மக. அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க."

"முதல்ல அவங்க மூணு பேரும் வந்து ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்கறது நல்லது. உங்க ரத்த முடிவு வந்ததும் உங்க தங்கைங்களும் மகனும். முன்னாடியே தெரிஞ்சா எவ்வளவோ செய்யலாம். நான் அவங்களைக் கூப்பிட முடியாது ஐயா. சட்டப்படியும் முடியாது. நீங்கதான் சொல்லணும்."

"யோசிக்கறேன்."

"யோசிங்க. ஆனா வருஷக்கணக்கா யோசிக்காதீங்க" என்றார். சொல்லிவிட்டு அட்டைப் பெட்டிகளை மறுபடி ஸ்டூல் மேல் தூக்கி வைத்தார்.

போகும் வழியில் வலது பக்கத்தையும் படம் எடுத்துவிடச் சொன்னார். அந்தப் பிரிவின் வாசலில் பெண்கள் மட்டும் என்று பலகை. உள்ளே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி முந்தானையைச் சரி செய்தாள். கதவோரம் இருந்த பணியாள், "ஐயா, கூட வந்தவங்க வெளிய இருங்க. வீட்டம்மா பேரைச் சொல்லுங்க, கூப்பிடறேன்" என்றாள்.

"வீட்டம்மா இல்ல."

"மகளா?"

"நான்தான்."

அவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். "உள்ள வாங்க" என்றாள். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கும் பக்கத்தில் இருந்தவளுக்கும் நடுவே இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. எதிரே ஒரு பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அக்கா போன வயதுதான் இருக்கும். அக்கா இப்படி எங்கேயும் வந்து உட்காரவில்லை. அவளை எந்த வரிசையிலும் உட்கார வைக்கவில்லை.

மறுநாள் மதியம் அக்கா மகளைக் கூப்பிட்டேன். சின்ன வயதிலிருந்து அவள் எனக்குச் சிட்டு. இப்போது ஐம்பதை நெருங்குகிறாள்.

"மாமா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். பெரியவளுக்கு ஒரு இடம் கூடி வருது. அடுத்த வாரம் பேசறாங்க. நீங்கதான் முன்னாடி உக்காரணும். உங்க மீசையைப் பாத்தாலே எதிர்ப்பக்கம் பாதி கேள்வி கேக்க மாட்டாங்க."

போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு வாரம், ஒரு மாதம், கல்யாணம் முடியட்டும். அப்பாவாக இருந்தால் வைத்திருப்பார். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டே சொன்னேன். எனக்கு என்ன வந்திருக்கிறது என்று முதலில் சொன்னேன். சுற்றி வளைக்காமல், மார்பகப் புற்றுநோய் என்று. அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல்முறை. பிறகு அவள் அம்மாவைச் சொன்னேன்.

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மாவுக்கு ஹார்ட்டுனு நான் இருபது வருஷமா உப்பைக் குறைச்சு சாப்பிடறேன் மாமா" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "வருஷா வருஷம் இதயத்தைத்தான் போய்ப் பாத்துக்கறேன். எம் பொண்ணுங்களை ஓடு ஓடுன்னு காலையில ஓட வைக்கறேன். எந்த இடத்தைப் பாக்கணும்னு ஒருத்தரும் சொல்லலையே."

"அன்னிக்கு உன் கல்யாணம்..."

"என் கல்யாணத்தைப் பேசாதீங்க." பிறகு, "இப்பவா சொல்லுவீங்க? இந்த வாரமா?" என்றாள்.

"இப்பதான் எனக்கே சொன்னாங்க."

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும் மாமா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அம்மாவுக்கு எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. கொள்ளுத்தாத்தா வெட்டிய வாய்க்கால் கிழக்கே போயிற்றா மேற்கே போயிற்றா என்று சொல்வேன். ஒரே வீட்டில் அத்தனை மாதம் படுத்துக் கிடந்தவளுக்கு வலித்தது இடமா வலமா என்று தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி அம்மாதான். அவளும் இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் வைத்துவிட்டாள்.

ஆபரேஷனுக்குச் சேர்ந்த அன்று கவுண்டரில் துணைக்கு யார் என்று கேட்டார்கள். மகனிடம் முந்தின ஞாயிறு சொல்லியிருந்தேன். விடுப்புக் கேட்டிருக்கிறான், கிடைக்க நாளாகும். "இன்னிக்கு யாரும் இல்ல. எழுதிக்கோங்க" என்றேன். ஆண்கள் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் குடலிறக்கத்துக்கு வந்தவர். "உங்களுக்கு எதுல சார்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் போர்வைக்குள் கையை விட்டுத் தன் மார்பைத் தடவிப் பார்த்துக்கொள்வதைக் கவனித்தேன்.

நர்ஸ் வந்து போனையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுக்கச் சொன்னாள். போனைக் கொடுக்கப் போகும்போது அது ஒருமுறை அதிர்ந்தது. சிட்டுவிடமிருந்து ஒரு வரி:

மூணு பேரும் ரத்தம் கொடுத்துட்டோம். பெரியவ விஷயத்தை மாப்பிள்ளை வீட்ல நாங்களே சொல்லிக்கறோம், நீங்க வர வேண்டாம்.

மாமா என்ற சொல் எங்கும் இல்லை. இருக்கிறதா என்று இன்னொருமுறை பார்த்தேன். சரி என்று பதில் போட்டுவிட்டுப் போனை நர்ஸிடம் கொடுத்தேன். தள்ளுவண்டி வந்தது. நடந்தே வருகிறேன் என்றேன், விடவில்லை.