கதவுக்கு உள்ளே குட்டி

குளியலறைத் தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்த சத்தம் கேட்டுத் தையல்காரி மிஷினை விட்டு ஓடினாள். மூன்று வயது முடிந்து நாலு மாதமான மகள் உள்ளே இருந்தாள்.

"குட்டி! விழுந்துட்டியா? அடி பட்டுச்சா?"

"ம்ம்."

"எங்கடி இருக்க? கதவுகிட்டயா?"

"ம்ம்... ம்ம்..."

எதைக் கேட்டாலும் அதே முனகல். மற்ற நாளில் தையல்காரி மகளின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வாள். கையை நீட்டினால் தண்ணீர், கண்ணைக் கசக்கினால் தூக்கம். குட்டி வாய் திறக்குமுன்பே எல்லாம் கைக்கு வந்துவிடும். இப்போது பார்க்க முகம் இல்லை, பலகைதான் இருந்தது.

அவள் கத்துவதைக் கேட்டு, கீழ்வீட்டுத் தச்சர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒரே உதை, திறந்துடும். ஆனா பிள்ளை பின்னாடி இருந்தா மூஞ்சியில அடிக்கும். எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லும்மா."

கேட்டாள். "ம்ம்."

"பெரிய பிள்ளைதானே, சொல்லத் தெரியாதா?"

தையல்காரி மறுபடியும் கதவில் காதை வைத்தாள். 'அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினான்' என்று மாமியார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தாள். "மத்த பிள்ளைங்க நாலு வார்த்தை சேர்த்துப் பேசுதுங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்று இரண்டு முறை சொன்ன பாலர்பள்ளி டீச்சரோடு முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.

தச்சர் ஸ்டூலில் ஏறி, கதவுக்கு மேலிருந்த கண்ணாடிப் பட்டை ஒன்றைக் கழற்றி எட்டிப் பார்த்தார். "அடக் கடவுளே, கதவை ஒட்டித்தான் உக்காந்திருக்கு. நல்லவேளை உதைக்கல."

கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ள அரைமணி ஆயிற்று. குட்டி கதவை விட்டு நகரவில்லை; கிடைத்த இடுக்கு வழியாகத் தையல்காரி உடம்பைத் திணித்து உள்ளே போனாள். குட்டியின் விரல் தண்ணீர் போகும் ஓட்டைச் சல்லடையில் மாட்டி, நீலம் பாரித்திருந்தது. சோப்பு தடவி எடுத்தார்கள்.

பஸ் டிரைவரான கணவன் சாயங்காலம் வந்து, நடந்ததைக் கேட்டதும் ஆரம்பித்தான். "நான்கூட சின்ன வயசுல..."

"உங்க கதை இருக்கட்டும். அத்தனை நேரம் விரல் மாட்டிக்கிட்டு இருந்திருக்கா. 'வலிக்குது'ன்னு சொல்ல அவகிட்ட வார்த்தை இல்லீங்க."

அவன் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் முதலில் காதைச் சோதித்தார்கள், குறையில்லை. அடுத்து, பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் குட்டியோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உங்க தப்பில்ல. ஆனா இதுக்கு மேல தள்ளிப்போட வேண்டாம். எதைக் குடுத்தாலும் அதோட பேரைச் சொல்லிச் சொல்லிக் குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி, அவளா கேக்கட்டும்னு கொஞ்சம் காத்திருங்க. அழ மட்டும் விட்டுடாதீங்க."

அந்தக் 'கொஞ்சம்'தான் பெரும்பாடு. தையல்காரி தம்ளரும் கையுமாக நிற்பாள். குட்டி வெறித்துப் பார்ப்பாள், உதடு துடிக்கும். பிறகு அம்மாவே "தண்ணி" என்று சொல்லித் தம்ளரைக் கொடுத்துவிடுவாள்.

பதினோராவது வாரம் குட்டி தம்ளரைப் பார்த்து "தா" என்றாள். அப்புறம் நாலு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் மிஷினைக் காட்டி இன்னொரு "தா".

"அதைத் தர முடியாதுடி" என்று சொல்லும்போதே தையல்காரிக்கு அழுகை வந்துவிட்டது.