எழுநூற்றுப் பன்னிரண்டு ஜோடி

பேங்காக்கில் எத்தனை வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள் என்று எவனுக்கும் தெரியாது. ஓர் அலுவலகம் ஓர் எண்ணைச் சொல்லும், இன்னொன்று அதை இரட்டிப்பாக்கும், டீவிக்காரன் தன் இஷ்டத்துக்கு ஒன்று சொல்வான். பிரயோங்கைக் கேட்டால், "பாதி ஊரே அவனுங்கதான், போய்ப் பாரு" என்பார். அதனால்தான் வட்டார அலுவலகத்திலிருந்து அந்தத் தாள் வந்தபோது அவருக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு சந்தின் தலைவரும் தன் சந்தில் உத்தேசமாக எத்தனை வெளிநாட்டவர் என்று எழுதித் தர வேண்டும். பேர் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், தலைக்கணக்கு போதும்.

பிரயோங் கால்வாய்க்கரைச் சந்தின் தலைவர். கரையோரம் கால் நட்டுக் கட்டிய மரவீடுகள், ஐநூற்று மூன்று பேர், எவனிடமும் நிலப் பத்திரம் கிடையாது. பத்தொன்பது வருஷம் மனு மேல் மனுவாகப் போட்டு, செருப்புத் தேய அலைந்து, இந்த வருஷம்தான் முப்பது வருஷக் குத்தகை தருவதாக அரசாங்கம் இறங்கி வந்திருந்தது. அது கிடைக்காவிட்டால் கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று புல்டோசர் வரும். அப்பா கட்டிய வீடு அவர் கண் முன்னால் தண்ணீரில் கிடக்கும். இதுதான் அவருடைய ஒரே கவலை.

ஒரே எரிச்சல் வேறு ஒன்று இருந்தது. சந்தின் கடைசியில் மீன் உருண்டைத் தொழிற்சாலையின் நான்கு மாடி விடுதி. முழுக்க பர்மாக்காரர்கள், அதிலும் கண்ணில் படுவதெல்லாம் பெண்கள். வெற்றிலை துப்புகிறார்கள், சத்தமாகச் சிரிக்கிறார்கள், ஊறவைத்த மீன் நாறுகிறது. அவர் வீட்டுச் சட்டியிலும் அதே மீன்தான் ஊறிக் கிடந்தது. ஆனால் அது சொந்த நாட்டு நாற்றம், மூக்கில் ஏறாது.

'எண்ணிக்கை பெரிசா இருந்தா மேலிடத்துக்கே பயம் வரும், விடுதியை இழுத்து மூடிடுவான்' என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பென்சிலும் நோட்டுமாக விடுதிக்குள் ஏறினார். ஆளை எழுப்பி எண்ண வேண்டிய அவசியமே இல்லை. செருப்போடு வாசலைத் தாண்டுகிற மனிதப் பிறவி இந்த ஊரில் கிடையாது. வாசலில் எத்தனை ஜோடியோ உள்ளே அத்தனை பேர். இதைவிடச் சுலபமான வேலை உண்டா?

இரண்டாவது மாடியில் நிலார் பல் விளக்கிக்கொண்டு நின்றாள். பதினொரு வருஷமாக இங்கே இருக்கிறவள். விடுதிப் பெண்களுக்கு அவள் சொல்தான் சொல்.

"என்ன தலைவரே, செருப்பு காணாமப் போச்சா?"

"உங்க தலையை எண்ணிட்டிருக்கேன். தள்ளி நில்லு."

"தலை மேல இருக்கு. நீங்க கால்கிட்ட தேடறீங்க. கூப்பிட்டா வெளிய வந்து நிப்போமே?"

"உன்ன யாரும் யோசனை கேக்கல. போய் வாயைக் கொப்புளி."

எழுநூற்றுப் பன்னிரண்டு ஜோடி. பென்சிலால் போட்டதை வீட்டுக்கு வந்து பேனாவால் அழுத்தி எழுதி, கீழே கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு மதியம் இரண்டு தட்டுச் சோறு கூடுதலாக இறங்கியது.

மூன்றாவது வாரம் வட்டார அலுவலகத்திலிருந்து தனகோன் என்கிற இளைஞன் கோப்போடு வந்தான். மரியாதையாகக் கைகூப்பிவிட்டு, பாயில் உட்கார்ந்ததும் போட்டான் குண்டை.

"தலைவரே, குத்தகை நின்னு போச்சு."

"என்னப்பா சொல்ற?"

"சந்துல சொந்த நாட்டுக்காரங்க பாதிக்கு மேல இருந்தாத்தான் குத்தகை. நீங்க ஐநூத்தி மூணு. அவங்க எழுநூத்திப் பன்னெண்டு. நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அப்ப அந்த விடுதியை மூடுங்கய்யா!"

"அது தொழிற்சாலையோட சொந்த நிலம், பத்திரம் பக்காவா இருக்கு. அதை யார் தொடுவா? பத்திரம் இல்லாதது நீங்கதான்."

பிரயோங் கோப்பில் இருந்த தன் கையெழுத்தையே குனிந்து பார்த்தார். மூலையில் பப்பாளிக்காய் சீவிக்கொண்டிருந்த அவர் மனைவி புன்ருவன்தான் வாய் திறந்தாள். தினமும் விடுதி வாசலில் பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்து விற்கிறவள் அவள்.

"எழுநூறா? எந்தக் கண்ணால எண்ணின? நானூறு தாண்டாது."

"வாசல்ல கெடந்த செருப்பை எண்ணினேன்டி!"

"அதுல பாதி ஆம்பளைச் செருப்பு. ஆம்பளை எங்க இருக்கான்? செவ்வாய்ச்சந்தையில பழசா வாங்கியாந்து வாசல்ல போட்டு வெச்சிருக்காளுங்க. உள்ள ஆம்பளை இருக்கான்னு நெனச்சிக்கட்டும்னு."

"எதுக்கு?"

"எதுக்கா? உன் தம்பி வன்லோப்பும் அவன் கூட்டாளிங்களும் குடிச்சிட்டுப் போய்க் கதவை ஆட்டுறானுங்களே, அதுக்கு. ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியாதாக்கும்! நிலார் வாசல்ல கெடக்கறது மட்டும் அவ புருஷனோட நெசச் செருப்பு. அவனத்தான் நீ போலீஸுக்குச் சொல்லி எல்லை தாண்டி அனுப்பிட்டியே."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"அன்னிக்கு நீ கேட்டியா?"

தனகோன் கோப்பை மூடினான். நல்ல பையன், மனசு இளகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை வந்து ஒரு தடவை திரும்ப எண்ணறேன். உள்ள நுழைய எனக்கு அதிகாரம் இல்ல. அறை அறையா வாசல்ல நின்னு கேப்பேன், அவங்க சொல்றதை எழுதுவேன். ஐநூறுக்குக் கீழ வந்தா உங்க வீடு தப்பிச்சுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு பிரயோங் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கூடை வறுத்த வாழைப்பழத்தோடு விடுதிக்குப் போனார். பதினொரு வருஷத்தில் அவர் அங்கே கொண்டுபோன முதல் தின்பண்டம். மானங்கெட்ட பிழைப்பு என்று அவருக்கே தோன்றியது. யாரும் ஒரு துண்டு எடுக்கவில்லை. பெண்கள் அவரவர் வாசலில் நின்று இரண்டாவது மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனகோனும் அங்கிருந்தே ஆரம்பித்தான்.

சந்தே கீழே கூடிவிட்டது. குத்தகை எல்லோருக்கும்தானே! வன்லோப் தன் இரண்டு கூட்டாளிகளோடு சுவரில் சாய்ந்து, காலையிலேயே சிவந்த கண்ணை மேலே ஓடவிட்டபடி நின்றான். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த அறையில எத்தனை பேர்?" என்று தனகோன் கேட்டான்.

நிலார் கீழே ஒரு பார்வை பார்த்தாள். "மூணு பேர். நான், என் தங்கச்சி, என் புருஷன்."

"பொய்!" பிரயோங் கத்தினார். "அவ புருஷன் இங்க இல்ல! ரெண்டு வருஷம் முன்னாடியே அவனை எல்லைக்கு அனுப்பியாச்சு!"

"உங்களுக்கு எப்படித் தெரியும், தலைவரே?" என்றான் தனகோன்.

வீடு பறிபோகிற நேரத்தில் வெட்கம் பார்த்து என்ன பண்ணுவது? "நான்தான்யா போலீஸுக்குச் சொன்னேன். என் கண்ணு முன்னாடிதான் வேன்ல ஏத்தினாங்க."

வாசல்களில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. நிலாரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "போனவர் திரும்பி வரக்கூடாதுன்னு சட்டமா? போன மாசமே வந்துட்டார்," என்றாள் தனகோனிடம்.

பிரயோங் அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். வாழ்நாளில் ஒரு பர்மாக்காரியிடம் அவர் இப்படிக் குழைந்ததில்லை. "நிலார், உன் கால்ல வேணாலும் விழறேன்மா. உண்மையைச் சொல்லு. ஐநூறு பேரு நடுத்தெருவுக்கு வந்துருவோம். சின்னக் குழந்தைங்கல்லாம் இருக்கு."

"எங்க தங்கச்சிங்களும் சின்னதுங்கதான்," என்றாள் அவளும் தணிந்த குரலில். "இன்னிக்கு இந்த வாசல்ல நின்னு, உள்ள ஆம்பளை இல்லைன்னு நான் சொன்னா, கீழ நிக்கறவங்க காதுல விழாதா?"

"வன்லோப்பை நான் பாத்துக்கறேன். சத்தியமா."

"இத்தனை வருஷமா பாத்துக்கிட்டுதான இருந்தீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நிலார் நிமிர்ந்து, கீழே சுவரோரம் வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "என் புருஷன் உள்ள தூங்கறார், தம்பி. நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தவர். எழுப்ப மாட்டேன். மூணுன்னு எழுதிக்கோங்க."

தனகோன் பிரயோங்கை ஒரு தரம் பார்த்தான். பிறகு எழுதினான்.

அடுத்த வாசலில் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். அவளும் கீழே ஒரு பார்வை பார்த்தாள். "அஞ்சு பேர். ரெண்டு பேர் ஆம்பளைங்க. என் அண்ணனுங்க."

அதற்கடுத்த வாசலில், "நாலு. எங்க அப்பா இருக்கார்."

அதற்கும் அடுத்ததில் இரண்டு மாமன்கள். மூன்றாவது மாடியில் பர்மாவில் போலீஸ் வேலை பார்த்த ஒரு கணவன்கூட இருந்தான். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் ஆண்பிள்ளை தூங்கினான். பிரயோங் வாழைப்பழக் கூடையைச் சுமந்துகொண்டு நாலு மாடியும் பின்னாலேயே ஏறி இறங்கினார். ஒவ்வொரு அறையிலும் வாயைத் திறந்தார். ஒவ்வொரு அறையிலும் கீழே நின்ற தம்பியின் முகம் ஞாபகத்துக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

தனகோன் படிக்கட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தான். எழுநூற்று முப்பத்தொன்று.

"பழசைவிடப் பத்தொம்பது கூட வருது, தலைவரே. மன்னிச்சிருங்க. எனக்குச் சொன்னதைத்தான் நான் எழுத முடியும்." அவன் தாளைத் திருப்பி நீட்டினான். "சந்துத் தலைவர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"போடலன்னா?"

"நீங்க போட்டுக் குடுத்த பழைய தாள் அப்படியே செல்லும்."

கீழேயிருந்து புன்ருவன் அண்ணாந்து கத்தினாள். "என்னய்யா ஆச்சு? எத்தனை வந்துது? வாயைத் திறந்து சொல்லேன்!"

பிரயோங் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கீழே இறங்கிப் போய், சுவரில் சாய்ந்திருந்த தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"எதுக்குண்ணே அடிக்கற?" என்று கேட்டான் வன்லோப், உண்மையிலேயே புரியாமல்.