நாலும் ரிஜெக்ட்

எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் என்னை "ரிஜெக்ட் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. தைத்து வருகிற சட்டையை மேசைமேல் விரித்து, காலரிலிருந்து அடிமடிப்பு வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். குறை தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே மருமகள் நான்தான் என்பார் என் கணவர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் சொல்லாமல் விடமாட்டார்.

இந்த வேலையை நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். தைப்பவர்களுக்கு ஸ்டூல் உண்டு. சூப்பர்வைசருக்கு முதுகு சாய்கிற நாற்காலி உண்டு. செக்கிங் பெண்களுக்குச் சொந்தக் கால்தான் உண்டு. என்னிடம் வேலை பழகியவர்களில் இரண்டு பேர் மற்ற தளங்களில் சூப்பர்வைசராகி, என்னைப் பார்த்தால் நாற்காலியில் இருந்தபடியே கையாட்டுகிறார்கள். எழுந்து வந்து பேசலாம். வரமாட்டார்கள். நாற்காலி அப்படி.

எங்கள் தளத்து சூப்பர்வைசர் ஓய்வு பெறும் நாள் வந்தது. அந்த இடத்துக்குக் கம்பெனி ஒரு பொதுத் தேர்வு வைக்கும். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே கேள்வித்தாள். வாசித்துப் புரிதல் ஒரு பகுதி, சொல்வளம் ஒரு பகுதி. தளத்தில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு வேலை. சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று பெயர் கொடுத்தேன்.

அதே தளத்தில் துணி வெட்டும் பிரிவில் இருக்கும் என் கொழுந்தனும் பெயர் கொடுத்தான்.

வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். கெட்டவன் இல்லை. கேட்டால் கொடுப்பான், திட்டினால் சிரிப்பான், சாப்பிட்ட தட்டை மட்டும் எடுத்து வைக்கமாட்டான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளை சூப்பர்வைசர்" என்று சொல்லிப் பெண் கேட்க வேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை.

"ஒரே வீட்ல ரெண்டு பேரு எதுக்கும்மா? ஊர் சிரிக்கும்" என்றார் மாமியார்.

"சிரிக்கட்டும் அத்தை. சிரிச்சா உடம்புக்கு நல்லது" என்றேன்.

கணவர் அப்போது செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். மதில்மேல் பூனையாவது என்றைக்காவது ஒரு பக்கம் குதிக்கும். இவர் மதிலிலேயே குடித்தனம் நடத்துகிறவர்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பயிற்சி வகுப்பு நடந்தது. நானும் சின்னவனும் ஒரே பஸ்ஸில் போய், வேறு வேறு பெஞ்சில் உட்காருவோம். பாடம் எடுத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் விடைக்குறிப்பு. கையில் இருக்கும் விடைத்தாளை விட்டு அவர் தலையைத் தூக்கியே நான் பார்த்ததில்லை. யார் என்ன பதில் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "பத்தியில எங்க இருக்கு?"

முதல் மாதிரித் தேர்விலேயே என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒரு பத்தி. அவர்கள் வீட்டையும் வேலையையும் இரு கண்களாகப் போற்றுகிறார்களாம். கேள்வி: 'வேலை முடிந்து வீடு திரும்பும் பெண் உணர்வது யாது?' நிறைவு, பெருமை, புத்துணர்ச்சி, நன்றி என்று நான்கு விடைகள். நான்கையும் ஒரு முறை படித்தேன், இன்னொரு முறை படித்தேன். நான்கிலும் குறை. எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல், ஓரத்தில் 'கால்வலி' என்று எழுதி வைத்தேன்.

விடைக்குறிப்பு அன்றைக்குத்தான் ஏறக்குறையத் தலையைத் தூக்கினார்.

"என்னம்மா இது?"

"சரியான விடை சார்."

"பத்தியில எங்க இருக்கு?"

"பத்தியில இல்ல சார். கால்ல இருக்கு."

வகுப்பே சிரித்தது. சின்னவன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். என் தாளில் அந்த ஒரு கேள்வி மட்டுமல்ல, பாதிக் கட்டங்கள் காலியாகவே இருந்தன. தெரியாமல் விட்டதில்லை. ஒவ்வொரு கேள்வியிலும் நான்கு விடைகளையும் புரட்டிப் பார்த்து, நான்கும் தேறாது என்று திருப்பி அனுப்பியிருந்தேன். தொழில் புத்தி. மேசைக்கு வந்த நான்கு சட்டையும் கோணலாக இருந்தால் நான்கையும் தள்ளுவேனே ஒழிய, 'பாவம், இது கொஞ்சம் பரவாயில்லை' என்று ஒன்றைப் பெட்டியில் போடமாட்டேன். போட்டிருந்தால் என்னை என்றோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கே என்னவென்றால், தள்ளினால் சைபர்.

திரும்பி வரும்போது சின்னவன் பஸ்ஸில் எனக்குப் புத்தி சொன்னான். "அண்ணி, நீங்க பத்தியைப் படிக்கிறதுதான் தப்பு. நான் படிக்கவே மாட்டேன். கேள்வியில இருக்கிற வார்த்தை பத்தியில எங்க வருதுன்னு மட்டும் பார்ப்பேன். பக்கத்துல என்ன இருக்கோ அந்த விடைக் கட்டத்தை அடிச்சுடுவேன்."

"அப்போ பத்தி எதைப் பத்தினதுன்னே உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறேன்?"

அவனுக்கு என்னைவிட இரண்டு மடங்கு மதிப்பெண். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவன்மீது வந்ததா, பத்திமீது வந்ததா, என்மீது வந்ததா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

சொல்வளத்துக்கு நான் வேறு வழி பிடித்தேன். உட்கார்ந்து படிக்க எனக்கு எங்கே நேரம்? சின்னச் சின்னத் தாளில் ஒவ்வொரு சொல்லாக எழுதி, கை போகிற இடத்திலெல்லாம் ஒட்டினேன். சர்க்கரை டப்பாவில் 'சிக்கனம்', குழாய்க்கு மேலே 'தொய்வு', பீரோவில் 'தற்செயல்'. எது எங்கே என்று யோசித்து ஒட்டவில்லை. அதுதான் வினையானது. மாமியாரின் மாத்திரை டப்பாவில் 'பிடிவாதம்' போய் உட்கார்ந்துவிட்டது.

"என்னைத்தானே சொல்ற?" என்று டப்பாவோடு சமையலறைக்கு வந்தார்.

"அய்யோ அத்தை, அது பரீட்சைக்கு."

"கண்ணாடிக்கிட்ட 'அகந்தை'ன்னு ஒட்டியிருக்கியே, அதுவும் பரீட்சைக்கா? தினம் காலையில நான் அங்க நின்னுதான் தலை வாருறேன்."

"ரெண்டுக்கும் எதிர்ச்சொல் சொல்லுங்க, உடனே கிழிச்சுடறேன்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகுதான் கோபப்பட வேண்டியது நினைவுக்கு வந்து, டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அன்று இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. அந்த அமைதியில் நான் நிறையச் சொற்கள் படித்தேன்.

ஆனால் வாசித்துப் புரிதல் மட்டும் வழிக்கு வரவில்லை. தேர்வு நெருங்க நெருங்கக் காலிக் கட்டம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். 'சுமாரானதை அடிங்கம்மா' என்று விடைக்குறிப்பு தலையில் அடித்துக்கொள்வார். எனக்குக் கை வராது. சுமார் என்கிற சொல்லே எனக்கு ஆகாது.

வழி பிறந்தது தொழிற்சாலையில்தான். கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் நாள் அது. மேனேஜர் பக்கத்தில் நின்று, "எதையாவது பாஸ் பண்ணும்மா, வண்டி நிக்குது" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். மேசையில் நான்கு சட்டைகள். ஒன்றில் காலர் வேறு சாயம், ஸ்டிக்கர். ஒன்றில் பை கோணல், ஸ்டிக்கர். ஒன்றில் எண்ணெய்க் கறை, ஸ்டிக்கர். நான்காவதில் பொத்தானுக்குக் கீழே நூல் பிசிறு. கத்தரியால் நறுக்கிவிட்டு அதைப் பெட்டியில் போட்டேன். இதற்கு யோசனையே தேவையில்லை. பிசிறைப் பெரிய குறையாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நறுக்கினால் போயிற்று.

போட்ட கை பெட்டியிலேயே நின்றது. அடிப் பாவி, இதைத்தானே தினமும் செய்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வகுப்பில் நான் நான்கு விடைகளில் நல்லது எது என்று தேடிக்கொண்டிருந்தேன். நல்லதைத் தேடும் வேலை என்றைக்கு நான் செய்திருக்கிறேன்? என் வேலை குறை தேடுவது. பெரிய குறை மூன்றுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால், மிச்சம் நிற்பது பிசிறு.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. குழந்தைகள் பெஞ்ச், முழங்கால் இடித்தது. பாலம் கட்டியவர்களைப் பற்றிய பத்தி வந்தது. வரி விடாமல் படித்தேன். எழுதியவர் பொறியாளரை ஐந்து வரி புகழ்ந்துவிட்டு, கல் சுமந்தவர்களுக்கு அரை வரி கொடுத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். 'பொருத்தமான தலைப்பு யாது?' என்று கேட்டிருந்தார்கள். கொடுத்த நான்கில் ஒன்றைக்கூட என் பிள்ளைக்குப் பெயராக வைக்கமாட்டேன். மூன்றுக்கு மனதுக்குள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன், நான்காவதின் பிசிறை நறுக்கிக் கட்டத்தை நிரப்பினேன். அப்படியே அடுத்தது, அதற்கடுத்தது.

சொல்வளத்தில் பணிவுக்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். அன்பு, வேகம், ஆணவம், ஓய்வு. பணிவுக்கு எதிர் நிமிர்வு என்பது என் கட்சி. அது அந்த நான்கில் இல்லை. உங்களுக்காக இதை எழுதுகிறேன், நம்பி எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆணவத்தை அடித்தேன். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.

முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எங்கள் தளத்தில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது சின்னவனுடையது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுட்டு உக்காரும்மா. வேண்டாம்னா சொல்லிடு, அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றார். இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முன்பே பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் மூன்று பேரும் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டு மேசைக்கு நான்கு நாற்காலிகள். மாமியாருக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, சின்னவனுக்கு ஒன்று. நான்காவதில் மடிக்க வேண்டிய துணி கிடக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே துணிதான் உட்கார்ந்திருக்கிறது. நான் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

மாமியார் ஆரம்பித்தார். "இந்தத் தடவை அவனுக்கு விட்டுக்கொடுத்துடு. அடுத்த தடவை எழுதி வாங்கிக்க."

கணவர் தொண்டையைக் கனைத்தார். "மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல சங்கடமா இருந்தா, உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்."

"இல்லன்னா கல்யாணம் முடியற வரைக்கும் அவன் இருக்கட்டும். அப்புறம் உனக்கே திருப்பிக் கொடுத்துடுவான்" என்றார் மாமியார். நாற்காலியைப் பாத்திரம் மாதிரி இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்துவிட்டார்.

சின்னவன் தட்டைப் பார்த்தபடி, "இல்ல அண்ணி, நீங்க வேற கிளைக்கு மாத்தல் கேட்டா..." என்று இழுத்தான். வேறு கிளைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

கணவர், "நாலு வழி சொல்லியாச்சு. ஏதாவது ஒண்ணைச் சொல்லேம்மா" என்றார்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. செம்பை மேசைமேல் வைத்தேன்.

"சின்னவனே, நோட்டீஸ் போர்டுல முதல் பேரு யாருது?"

"உங்களுது, அண்ணி."

"முதல்ல வந்தவங்க கொழுந்தனுக்கு விட்டுக்கொடுக்கணும்னு அதுல எங்க இருக்கு?"

அவன் தட்டை ஓரமாகத் தள்ளினான். காது சிவந்திருந்தது.

"அத்தை, நீங்க சொன்ன ரெண்டும் ரிஜெக்ட். என்னங்க, உங்களோடதும் ரிஜெக்ட். இவன் சொன்னதும் ரிஜெக்ட். நாலும் ரிஜெக்ட்."

"என்ன ஆணவம்!" என்றார் மாமியார்.

"அது பரீட்சையில எழுதின பதில் அத்தை. நான் நம்பி எழுதல."

கணவர் சமாதானக் குரலில், "ஏதாவது ஒண்ணை அடிச்சுத்தானே ஆகணும்?" என்றார்.

"அங்க அடிச்சேன், மார்க் வேணும்னு. இங்க எனக்கு யார் மார்க்கும் வேண்டாம்" என்றேன்.

நான்காவது நாற்காலிக்குப் போனேன். துணியை இரண்டு கையாலும் அப்படியே அள்ளிச் சின்னவன் மடியில் போட்டேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலை நீட்டினேன். அந்த மேசை அங்கிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சின்னதாகத்தான் இருந்தது.

சின்னவன் துணியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். அண்ணன் செய்தித்தாளைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்தான்.

"சட்டையை முதல்ல எடு. காலரைப் பார்த்து மடி" என்றேன். "சரியில்லன்னா திருப்பி அனுப்புவேன்."