கை வைத்த சுவர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே மாடிப்படியில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆராதனை ஒன்பதுக்குத்தான். மாதவி கீழே நின்று பார்த்தாள். படிக்கு இரண்டு பேர். கையில் வேதாகமம், மடியில் பிள்ளை. அவளைக் கண்டதும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

“உள்ள எடம் இருக்கா ஆன்டி?”

“இருக்கும். வாங்க.”

இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது சபை. பாஸ்டர் சுகுமாறன் அதைத் தொடங்கியபோது ஒரு பாய் விரித்தால் போதும். மாதவி அந்தப் பாயில் உட்கார்ந்தவள். இப்போது காலையில் இரண்டு ஆராதனை, மாலையில் ஒன்று. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை முடித்தவர்கள் வேலைச் சட்டையோடு வந்தார்கள். மேருவின் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். சிறுவர் வகுப்பு சமையலறையில் நடந்தது. முழங்கால் போட இடமில்லாமல் நின்றுகொண்டே ஜெபித்தார்கள். போன மாதம் ஒரு கர்ப்பிணி படியில் மயங்கி விழுந்தாள்.

இடம் வேண்டுமென்றால் ஒரே வழிதான். வலப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மாடிக்கடை. இரண்டும் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரே சீன முதலாளிக்குச் சொந்தம். அந்தக் கடை காலியானால் சுவரை உடைத்துவிடலாம்.

“சுவத்துல கை வைங்க” என்றார் பாஸ்டர். “கர்த்தருக்கு இந்தச் சுவரு ஒரு சுவரே இல்ல. எப்படின்னு கேக்காதீங்க. எப்படிங்கிறது அவரு வேலை. கேக்குறதுதான் நம்ம வேலை.”

புதன்கிழமை மாலைகளில் எல்லாரும் எழுந்து அந்தச் சுவரில் கை வைத்தார்கள். முன்னால் நின்றவர்கள் சுவரில், பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளில். நாளாக ஆக வெளிர்மஞ்சள் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு அழுக்குப் படிந்தது. நடுவில் ஒரே கறை. ஓரங்களில் மட்டும் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. யாரோ பெயின்ட் அடிக்கலாம் என்றார்கள். பாஸ்டர் வேண்டாம் என்றார். அது சாட்சி, இருக்கட்டும்.

அந்தப் பக்கம் இருந்தது தையல் கடை. கடைக்காரி தனலெட்சுமி, மாதவியின் அக்கா.

பாஸ்டருக்கு அது தெரியும். முதல் புதன்கிழமையே மாதவியைத் தனியாக அழைத்துச் சொன்னார். “உங்களுக்குச் சங்கடமா இருந்தா நீங்க கை வைக்க வேணாம் சிஸ்டர்.”

“அக்காவுக்கும் நல்லதா நடக்கணும்னு கேக்குறேன் பாஸ்டர்.”

ஆனாலும் அன்று அவள் கை சுவரில் படவில்லை. ஒரு விரற்கடை தள்ளியே நின்றது. சுவருக்குள்ளிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் வந்தது. நிற்கும், ஓடும், நிற்கும். அக்கா துணியைத் திருப்புகிறாள் என்று மாதவிக்குத் தெரிந்தது.

கர்ப்பிணி மயங்கி விழுந்த வாரம்தான் அவள் கையை முழுதாகச் சுவரில் வைத்தாள். ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில், ஓரமாக. அவள் கேட்டது இதுதான்: அக்காவுக்குக் கீழ்த்தளத்தில் நல்ல கடை கொடும். அவள் முட்டி இந்தப் படிகளைத் தாங்காது. இந்த இடத்தை எங்களுக்குக் கொடும். அதில் யாருக்கும் நஷ்டம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு புதனும் அதே இடத்தில் கை வைத்து அதையே கேட்டாள்.

சனிக்கிழமைகளில் அவள் அக்கா கடைக்குப் போவாள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பாள்.

“ஒங்க சாமி என்னாடி, செவிடா?” என்றாள் தனலெட்சுமி, வாயில் நூலை வைத்துக்கொண்டு. “அவ்ளோ சத்தம் போட்டாத்தான் கேக்குமா?”

“ஒனக்குக் கேக்குதுல்ல? அது போதும்.”

“கேக்குது, கேக்குது. போன வாரம் ஒரு பாட்டு எனக்கே வாயில வந்துருச்சு. ஜாக்கெட்டு எடுக்க வந்தவ என்னைய மேலயும் கீழயும் பாக்குறா. நெத்தியில குங்குமம், வாயில அல்லேலூயா.”

மாதவி சிரித்தாள். அக்கா நூலைக் கடித்துத் துப்பினாள்.

“அது சரி, புதன்கிழமையானா சுவத்துக்கிட்ட வந்து என்னா முணுமுணுன்னு? நான் எத்தன ஜாக்கெட்டு தைக்கிறேன்னு ஒட்டுக் கேக்குறீங்களா?”

“சும்மா ஜெபம்க்கா.”

“சுவத்துக்கா?”

மாதவி ஊசியில் நூல் கோத்தாள். அப்போது நேசன் தே தாரிக் டீப் பொட்டலங்களோடு படியேறி வந்தான். சிவநேசன், அக்காவின் ஒரே மகன். போர்ட்டில் ஷிப்ட் வேலை. மாதவிக்குப் பிள்ளை இல்லை. அக்கா மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாமல் இருந்த வருடங்களில் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அவள்தான். அவன் முதலில் பேசிய வார்த்தை அம்மாவா சித்தியா என்று அக்கா தங்கைக்குள் இன்னும் வழக்கு இருந்தது.

“அம்மா படியில உக்காந்து உக்காந்து ஏறுது சித்தி” என்றான். “பாத்தா பாவமா இருக்கு. கீழ கடை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க லா.”

மாதவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். தான் கேட்டது கர்த்தர் காதில் விழுந்துவிட்டது என்று நினைத்தாள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்த வியாழக்கிழமை சபைப் பெண் ஒருத்தி கைப்பேசியில் சொன்னாள். மேருவில் ஒரு கீழ்க்கடை காலியாகிறது, வாசலில் வண்டி நிறுத்தலாம், பக்கத்தில் கோயில். மாதவி உடனே நேசனை அழைத்தாள்.

“நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் வந்தேன் சித்தி. தூங்கிட்டு நாளைக்குப் போறேன்.”

“நாளைக்கு எவனாச்சும் எடுத்துருவான். ஒரு பார்வை பாத்துட்டு வந்து தூங்கு லா.”

“சரி. உங்க சாமிய எனக்கு ஒரு தலகாணி குடுக்கச் சொல்லுங்க” என்று சிரித்தான்.

கடையைப் பார்த்தான். படம் எடுத்து அனுப்பினான். நல்லாருக்கு சித்தி, அம்மாவுக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தான். திரும்பும் வழியில் அவன் மோட்டார் சைக்கிள் ஒரு லோரியின் பின் சக்கரத்துக்குள் போனது. தூங்கியிருப்பான் என்றார்கள்.

சாவு வீட்டில் நாற்காலி போதவில்லை. பாஸ்டர் கேள்விப்பட்டு சபை நாற்காலிகளை லோரியில் ஏற்றி அனுப்பினார். தானும் வந்தார். தேவாரம் பாடி முடியும் வரை வெளியே வெயிலில் நின்றார். தனலெட்சுமி சபையின் பெயர் எழுதிய சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாதவி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“என் முட்டிக்காகப் போனான்டி” என்றாள் அக்கா. அழவில்லை. முட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். “இந்த முட்டிக்கு. நான் வாய மூடிக்கிட்டு ஏறியிருக்கலாம். முடியலன்னு அவன்கிட்ட சொன்னேன் பாரு.”

“அக்கா, நான்தான் அவன அன்னைக்கே போகச் சொன்னேன்.”

“நீ எதுக்குச் சொன்ன? எனக்காகச் சொன்ன. ஒன்மேல என்ன இருக்கு?”

அக்காவின் கை அவள் தலைமேல் வந்தது. அங்கேயே இருந்தது. சொல்ல வேண்டியதில் பாதியை மாதவி சொல்லிவிட்டாள். சுவரில் கை வைத்துக் கேட்டதைச் சொல்லவில்லை. இருக்கிறது ஒரு அக்கா. அவளையும் இழக்க மாதவிக்குத் தைரியமில்லை.

தனலெட்சுமி அதன் பிறகு மெஷினில் உட்காரவில்லை. வெட்டி வைத்த துணிகளை வெட்டியபடியே திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய நாத்தனார் சாலாக் செலாத்தானில் இருந்தாள். தனலெட்சுமி அங்கே போய்விட்டாள். தவுக்கேயிடம் சாவி போயிற்று. தவுக்கே பாஸ்டரைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் கடையை ஆண்டவர் கொடுத்துவிட்டார் என்று பாஸ்டர் மேடையில் நின்று சொன்னார். கூடத்தில் கைதட்டல் எழுந்தது. படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரோ கத்திச் சொல்ல, அங்கிருந்தும் கைதட்டல் வந்தது. பக்கத்தில் நின்ற மலர்விழி மாதவியைக் கட்டிக்கொண்டாள். சபைக்குப் புதிதாக வந்த பெண். அவளுக்கு எதுவும் தெரியாது. “பாத்தீங்களா ஆன்டி? பாத்தீங்களா?” என்று அழுதாள். மாதவி தன் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு அவள் பாஸ்டரிடம் போனாள். அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நாம கேட்டது இதத்தானா பாஸ்டர்?”

அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். “இல்ல சிஸ்டர். நாம எடம்தான் கேட்டோம்.”

“எடம் கெடைச்சிருச்சு.”

“ஒரு பிள்ளைய எடுத்து எடம் குடுக்குறவரு இல்ல நம்ம ஆண்டவரு.”

“அப்ப அவரு குடுக்கலையா? மேடையில நின்னு அவரு குடுத்தாருன்னு சொன்னீங்களே.”

பாஸ்டர் முகத்தில் தூக்கமில்லாத களைப்பு இருந்தது. அந்த வாரம் அவரும் தூங்கவில்லை என்று பின்னால் அவர் மனைவி சொன்னாள்.

“தெரியல சிஸ்டர்” என்றார். “நம்புறேன். தெரியல.”

“எப்படின்னு கேக்காதீங்கன்னு சொன்னீங்க. நான் கேக்கல.”

அவர் கீழே வைத்த நாற்காலியை மறுபடி எடுத்தார். மாதவி அவரோடு சேர்ந்து மீதி நாற்காலிகளை அடுக்கினாள். அவற்றில் எது சாவு வீட்டுக்குப் போய் வந்தது என்று தெரியவில்லை. எல்லாம் சிவப்பு.

அவள் ஜெபத்தை விடவில்லை. காலையில் எழுந்ததும் கட்டிலருகே முழங்கால் போட்டாள். வார்த்தை வரவில்லை. முன்பு பேசிய இடத்திலேயே பேசாமல் இருந்தாள். கோபித்துக்கொண்டு போவதற்கு அவளுக்கு வேறு வீடு இல்லை.

சுவரை உடைக்கத் தொடங்கிய சனிக்கிழமை தனலெட்சுமி வந்தாள். பழைய மெஷின் ஒன்று கடையிலேயே கிடந்தது. அதை எடுத்துப் போகச் சொல்லித் தவுக்கே போன் செய்திருந்தார். மாதவி டயர் கடை வாசலிலேயே காத்திருந்தாள். அக்கா இளைத்திருந்தாள். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள்.

“மெல்லக்கா.”

“மெல்லத்தான்டி. இனிமே எனக்கு என்னா அவசரம்.”

கடை முழுக்கச் சிமெண்டுத் தூசி. சுவரின் நடுவில் வாசல் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா மெஷினின் தூசியைத் தன் கையாலேயே துடைத்தாள். சக்கரத்தை ஒரு முறை சுற்றிவிட்டாள். அது ஓடி நின்றது.

ஓட்டை வழியாக மலர்விழி எட்டிப் பார்த்தாள். அவள் சபைப் பக்கம் தூசி கூட்டிக்கொண்டிருந்தாள்.

“மாதவி ஆன்டி! தண்ணி வேணுமா? அந்த ஆன்டிக்கும் குடுங்க. உள்ள வாங்க ஆன்டி, இங்க ஃபேன் இருக்கு.”

“வேணாம்மா” என்றாள் மாதவி. “நாங்க கெளம்புறோம்.”

“தண்ணி குடிச்சிட்டுப் போலாம்” என்றாள் அக்கா. “தொண்டையெல்லாம் தூசி.”

தனலெட்சுமி செங்கல் குவியலைத் தாண்டி உள்ளே போனாள். இத்தனை வருடத்தில் அவள் சபைக்குள் கால் வைத்தது அன்றுதான். மின்விசிறிக்குக் கீழே நின்று தண்ணீர் குடித்தாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். இவ்வளவு சின்ன இடத்திலா அவ்வளவு சத்தம் என்று சொல்வாள் என மாதவி நினைத்தாள். அக்கா ஓட்டைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்த சுவரைப் பார்த்தாள்.

“என்னாம்மா இது, இவ்ளோ அழுக்கு? எண்ணெய் ஊத்துனீங்களா?”

மலர்விழி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முகம் மலர்ந்து வந்தாள்.

“அழுக்கு இல்ல ஆன்டி. கை. நாங்க எல்லாரும் வாரா வாரம் இதுல கை வச்சுத்தான் ஜெபம் பண்ணுவோம், அந்தப் பக்கத்துக் கடை எங்களுக்கு வேணும்னு. பாருங்க, ஆண்டவரு குடுத்துட்டாரு.”

மாதவி அவளைப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். ஏன் என்று மலர்விழிக்குப் புரியவில்லை. காலித் தம்ளரைக் கழுவச் சமையலறைக்குப் போனாள். அங்கே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

தனலெட்சுமி சுவருக்கு அருகில் போனாள். கறையை மெல்லத் தொட்டாள். ஸ்விட்ச் பலகையின் ஓரத்தில் தனித்தனியாகத் தெரிந்த விரல்களைப் பார்த்தாள். தன் கையை அவற்றின் மேல் பொருத்தி வைத்தாள். எடுத்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள்.

“புதன்கிழம புதன்கிழம” என்றாள். “எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு.”

“அக்கா...”

“அவன் போனது எம் முட்டிக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கேன் நான்.”

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“இதுல ஒன் கை எதுடி?”